பாகம் கிடைக்காத வண்டி

அண்ணே,

இன்று காலை உன் மகன் யாரோ நண்பனின் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி உதைத்துக்கொண்டிருந்தான். அடுப்படி வரைக்கும் பெட்ரோல் வாடை. "அத்தை, எனக்கும் இது மாதிரியே ஒண்ணு வாங்கணும்" என்றான். பளபளவென்றிருந்தது வண்டி. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

எழுபதுகளில் உனக்கு மீன் கம்பெனி வேலை. புன்னைக்காயலிலிருந்து பெரியதாழை வரை கடற்கரை ஊர்களில் அலைய வண்டி வேண்டியிருந்தது. அதுவரை நீ சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அப்பா ஒரு நம்மூர் வண்டி பார்த்து வைத்திருந்தார். அழகில்லாத, சத்தம் போடுகிற வண்டிதான். ஆனால் எந்தப் பட்டறையிலும் கைவைப்பார்கள், சாமானும் மலிவு. "வழியில நின்னுபோனா யாரு சரிபண்ணுவான்னு பாருண்ணே" என்று நானும் சொன்னேன்.

"ஏளா, ஒனக்கென்ன தெரியும்? அதுல போனா மாவு மில்லு வருதுன்னு சனங்க சிரிக்கும்" என்றாய்.

துறைமுகத்துத் தரகர் ஒருவர் உன்னைப் பிடித்துக்கொண்டார். "கப்பல்ல வந்த வண்டி அண்ணாச்சி. ஊர்லயே ஒங்ககிட்ட மட்டுந்தான் இருக்கும்." அந்தப் பேச்சில் விழுந்துவிட்டாய். யாரிடமும் இல்லாத வண்டிக்கு எங்கே பாகம் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் முன் பிரேக் தேய்ந்துபோனது. "மெட்ராஸ்லருந்து வருது, வருது" என்று தரகர் இழுத்தடித்தார். வருகிறவரை பஸ்ஸில் போகச் சொல்லிச் சாவியை ஒளித்தேன். என் கையைத் திருகிப் பிடுங்கிக்கொண்டு போனாய். உப்பளத்து வளைவில் எதிரே லாரி வந்தபோது உன்னால் வண்டியை நிறுத்த முடியவில்லை.

உன்னை மாதா கோயிலில் கிடத்தியிருந்தபோது அந்தத் தரகர் மாலையோடு வந்தார். "ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டார்" என்றார்.

"ஆண்டவரா பிரேக்கத் தேச்சாரு? வெளிய போவும்!"

பெண்கள் என் வாயைப் பொத்தினார்கள். மதினி வயிற்றுப்பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். உன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவு ஆத்திரம் உன்மேல்.

அந்த ஆத்திரத்தை இன்றுவரை நான் ஆறவிடவில்லை. இன்று மத்தியானம் அந்தப் பிள்ளையைக் கையோடு கடைக்குக் கூட்டிப் போனேன். ஒட்டப்பிடாரம் மாதிரிச் சின்ன ஊரில் நின்றுபோனாலும் அங்கேயே சரிசெய்ய முடிகிற வண்டியாகக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் காட்டினார்.

"கெழவன் வண்டி" என்று உன் மகன் முகத்தைச் சுளித்தான்.

சுளிக்கட்டும். நாளைக்கும் வீடு திரும்பி, என் முன்னால் நின்று சுளிக்கட்டும்.