பப்பாளி மரத்தடியில் இரண்டு குடம் தண்ணீர்

அன்புள்ள அருள் அண்ணனுக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடு. நீ எதிரில் இருந்தபோதே பாதிப் பேச்சை விழுங்கியவள், நீ போய்ப் பத்து மாதம் கழித்து, நாலு பேர் படிக்கும்படி உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில், எனக்கு ஒரு அண்ணன் இருந்ததே யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

விஷயம் உன் கிட்டார் செட்டைப் பற்றியது. கடைசியில் ஒன்று கேட்கவும் வேண்டும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அறையில் அம்மா எதையும் நகர்த்த விடவில்லை. "இருக்கறது இருந்த மேனிக்கே இருக்கட்டும்டி" என்பாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, செட்டை மாட்டினேன். பழைய கட்டில் பலகையில் நீ வரிசையாக ஒட்டி வைத்த, காலால் மிதித்து ஒலியை மாற்றும் மூன்று பெடல்கள். கிட்டாரிலிருந்து அதற்கு ஒரு ஒயர், அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயர். எது எதில் போகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

சுவிட்சைப் போட்டதும் ஒரே இரைச்சல். குளவிக் கூட்டுக்குள் தலையை விட்டதுபோல. சத்தத்தை அடக்கலாம் என்று கம்பியில் விரல் வைத்தேன், சுர்ரென்று இழுத்தது. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, வெறுங்கால்.

பயந்துதான் போனேன். ஆனாலும் விடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு ஒயரை மாற்றினேன். பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி, கம்பியைத் தொடாமல் கேட்டேன். அதே இரைச்சல். உன்னுடைய பொருள் என்னை அடையாளம் தெரியாமல் விரட்டுகிறதோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதே.

அடுத்த வாரம், ஷாக் அடித்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டு, வயர்மேன் ஞானம் சித்தப்பாவைக் கூட்டி வந்தேன். அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. பிளக் பாயிண்ட்டில் கரண்ட் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். அது மின்மினி மாதிரி மினுங்கியது.

"கிட்டாரு நல்லாத்தான் இருக்கு பாப்பா. வூட்டுலதான் கோளாறு. எர்த் குழியில கடைசியா எப்பத் தண்ணி ஊத்துனீங்க?"

"எந்தக் குழி சித்தப்பா?"

"அது சரி! பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச புள்ள என்னையக் கேக்குது."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். பப்பாளி மரத்தடியில் மண்ணைக் காலால் தள்ளினார். உள்ளே ஒரு இரும்புக் குழாய். ஒயரில் கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும் இடம். "இது சுக்கான் மண்ணு. தண்ணி நிக்காது. காஞ்சா எர்த் வேலை செய்யாது. அருளுகிட்ட வாரம் ரெண்டு குடம் ஊத்துடான்னு சொல்லியிருந்தேன். ஊத்திக்கிட்டுத்தான் இருந்தான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நான் பப்பாளிக்குன்னுல்ல நெனச்சேன்? அது ஆண் மரம், காய்க்காது, அதுக்கு எதுக்குடா இம்புட்டுத் தண்ணின்னு திட்டக்கூடச் செஞ்சேனே. வளரட்டும்மான்னு சொல்லிட்டுப் போயிருவான்."

ஏன் அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அரியலூர் சிமெண்டு ஆலையில் நாள் முழுக்க மூட்டை ஏற்றிவிட்டு வந்து, குடம் தூக்குவாய். நான் அந்த நிலைப்படியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, மின்சாரம் பற்றிய பாடத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். நீ எதற்கு ஊற்றுகிறாய் என்று நானும் கேட்டதில்லை.

சித்தப்பா கரியும் உப்பும் போட்டுக் குழியைச் சரிசெய்தார். இரண்டு குடம் ஊற்றினேன். டெஸ்ட் பல்பு பளீரென்று எரிந்தது. "இப்பத் தொடு, பயப்படாத" என்றார். தொட்டேன். ஒன்றும் இழுக்கவில்லை. இரைச்சலும் நின்றிருந்தது.

அவர் போன பிறகு அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, சத்தமே வரல? இன்னும் சரியாவலியா?"

"சரியாயிருச்சும்மா. சும்மா இருக்கும்போது சத்தம் வரக்கூடாது."

"அவன் இருந்தா வீடே அதிரும்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிக்க முயல்கிறேன். உன்னைப் போலவே திருப்பிப் பிடித்துப் பார்க்கிறேன். நீ இடக்கைக்காரன். வலக்கைக்காரர்களுக்குச் செய்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி, கழுத்து நுனியில் அவை உட்காரும் வெள்ளைக் கட்டையை அரத்தால் ராவி, உன் கைக்கு ஆக்கிக்கொண்டாய். என் கை அதற்குப் பழகவே மாட்டேன் என்கிறது. நேராகப் பிடித்தால், மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே வந்துவிடுகிறது. ஆறு கம்பியும் இப்போது துருப்பிடித்து விரலைக் கறுப்பாக்குகின்றன. கம்பிகளின் நுனியை நீ வெட்டாமல் சுருட்டி விட்டிருக்கிறாய். கண்ணில் குத்தும் என்று அம்மா எத்தனை தரம் கத்தியிருப்பாள்? அந்தச் சுருள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

குழி இனிக் காயாது. நான் எங்கே வேலை பார்த்தாலும் சனிக்கிழமை வந்து இரண்டு குடம் ஊற்றிவிடுவேன். இது சத்தியம். அந்த மரத்தை வெட்டவும் யாரையும் விட மாட்டேன்.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். புதுக் கம்பியும், அவை உட்கார ஒரு புது வெள்ளைக் கட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக உறை பிரிக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ கட்டியதை அவிழ்த்து, என் கைக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளட்டுமா, அண்ணா?

உன் வலக்கைத் தங்கை,
மேரி