கெடாவைத் தேடாதீங்க

ஏங்க, ஆஸ்பத்திரியில உங்க ஸ்கேனுக்கு டோக்கன் போட மொத பஸ்ல கள்ளக்குறிச்சி போறேன்.

கணையத்துல கட்டி இருக்கான்னு எடுத்த ரத்த டெஸ்டுல அளவு கம்மியா வந்ததும், கேன்சர் இல்லன்னு சொல்லி ஞாயித்துக்கிழமை கெடா வெட்டுக்கு ஊரையே கூப்புட்டுட்டீங்க. சில பேருக்குக் கட்டி இருந்தாலும் அந்த அளவு ஏறாதாம், ஸ்கேன் எடுத்தாதான் தெரியுமாம். டாக்டரம்மா சொன்னத நான் சொன்னா, அபசகுனமா பேசாதன்னு கத்துறீங்க. உங்க கண்ணு நாளுக்கு நாள் மஞ்சளாயிக்கினு போவுது, எப்படிங்க பேசாம இருப்பேன்?

கூழு மூடி வெச்சிருக்கேன், திரும்பி வந்து குடிக்கலாம், இப்ப தொடாதீங்க. ஸ்கேனுக்கு வெறும் வயிறா வரணும். பத்து மணிக்கு என் தம்பி அருள்மொழி வண்டி எடுத்துக்கினு வருவான், ஏறிடுங்க.

ராதிகா

கொட்டாயில கெடாவைத் தேடாதீங்க. தம்பி வூட்டுல கட்டிட்டேன். ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வரட்டும், நானே மசாலா அரைக்கிறேன்.