கத்தாழைன்னா கத்தாழைதான்

சூளகிரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெபசீலிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கம்பெனித் தோட்ட மேற்பார்வை வேலையில் ஒரு சிறு குழப்பம். வெயிலுக்குத் தொழிலாளருக்குக் கற்றாழைச் சாறு கொடுக்கலாம் என்றார் மேனேஜர் ஹரீஷ்குமார். மத்திகிரி நர்சரிக்கு நானே போன் செய்து "கத்தாழை" கேட்டேன். நர்சரிக்காரர் கன்னடக்காரர். அவர்கள் பேச்சில் சோற்றுக் கற்றாழை என்பது லோளெசர. கத்தாழை என்றால் ரயில் பாதையோரம் வளரும் ஆனைக் கற்றாழை. அதுதான் வண்டி நிறைய வந்து இறங்கியது. கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் கேட்ட லட்சணம் இது.

இதன் மடலில் சோறு கிடையாது, நார்தான். சாறு பட்டால் அரிக்கும். ஆயுளில் ஒரே தடவை பூத்துச் செத்துப்போகும், இது வேறு செடி என்று ஹரீஷ்குமாரிடம் வரிசையாகச் சொன்னேன்.

"சார், கத்தாழைன்னா கத்தாழைதான். கிளாஸ் எடுக்காதீங்க" என்று சிரித்தார்.

வேறு வழி தெரியாமல் அவர் முன்னாலேயே சாற்றை என் கையில் தேய்த்துக்கொண்டேன். சிவந்து தடித்தது.

"வயசாயிருச்சில்ல, உங்க தோலுக்கு ஒத்துக்கல" என்றுவிட்டார்!

நீ பயப்படாதே, வீக்கம் வடிந்துவிட்டது. முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. பார்சலில் உன் கையெழுத்தில் நாலு வரி வை.

நாளைக் காலை கேன்டீனில் சாறு பிழிகிறார்கள். குடித்தால் தொண்டை வெந்துபோகும். மிக்சிக்கு முன்னால் போய் நின்று, "முதல் தம்ளரை நீங்களே குடியுங்கள், சார்" என்று சொல்லப் போகிறேன். அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே குரல் இறங்கி, "சார்" மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஊருக்குப் புறப்படும் ஆஸ்டின் வாசலில் ஹாரன் அடிக்கிறான், இதை அவனிடம் கொடுக்கிறேன், விடியுமுன் உன் கைக்கு வந்துவிடும். காலை ஜெபத்தில் என் குரலுக்காகக் கேட்டுக்கொள்.

உன்,
யேசுராஜ்