ஐந்தாம் எண் சிரிப்பு

12.8.2009, புதன். திண்டிவனம்.

பல் மருத்துவம் படிக்கும் அக்கா ஒருவர் போன வாரம் எங்கள் வகுப்பில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். இன்று உதடும் பல்லும் மட்டும் தெரியும்படி அவற்றை வெட்டிக்கொண்டு வந்து, அழகுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னார். பெயர் கிடையாது, எண் மட்டும். விடைத்தாள் திருத்துவதுபோல் கவனமாகப் போட்டேன். ஐந்தாம் எண்ணில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. இரண்டு போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கலா என்னை இடித்தாள்.

"ஏய் புத்தகப்புழு, அஞ்சாம் நம்பருக்கு எவ்ளோடி போட்ட? அது நான்தான்!"

"ஏழு" என்றேன்.

"ஏழா! இந்தப் பல்லுக்கா? சும்மா கதை வுட்டுக்கினு இருக்காத!"

"நெஜமாத்தான்டி."

"உன்னுத பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு எனக்கு. பத்து போட்டேன்."

நான்கு வருடமாக ஒரே பெஞ்சு. எனக்கு ஏன் தெரியவில்லை?

நாளை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் எப்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பவள், ஏழு என்று கேட்ட பிறகு பஸ் வரும்வரை ஒருமுறைகூட மறைக்கவில்லை.