சுவருக்கு வெளியே மரியஅந்தோணி

மே 2, 1979. புதன்

காலையில் திரிகால மணி தப்பும் தவறுமாக விழுந்தது. மும்மூன்றாக நிறுத்தி நிறுத்தி அடித்து, கடைசியில் ஒரே மூச்சாக அடிக்க வேண்டும். அப்பாவின் கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி. இன்று அடித்தவர் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று எழுந்து ஓடினேன். அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா மணி அடிக்கிறது?"

"யாரோ."

"நீங்க போகலையா?"

"காப்பி ஆறுது. வெரசாக் குடி."

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மணியடித்து, சாவி வைத்து, இந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அப்பாதான். மணியடிக்கிற நேரத்தில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நன்றாக எரிகிற அடுப்பை ஏன் ஊத வேண்டும்?

மே 3

அந்தோணி வீடு பூட்டிக் கிடக்கிறது. செமினரியிலிருந்து விடுமுறைக்கு வந்தால் முதல் வேலை அவனைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளத்தாக்கு ஓரத்துப் பாறைக்குப் போவதுதான். எட்டாம் வகுப்பு முடித்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் குருமடத்துக்குப் போனோம். அவன் நான்கு வருஷத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால், "எனக்குக் கீழ வெக்கை ஒத்துக்கலைல" என்பான். அதற்குப் பிறகு தைலம் காய்ச்சுகிற கந்தவேலிடம் யூகலிப்டஸ் இலை வெட்டுகிறான்.

அம்மாவிடம் கேட்டேன். "கீழ எங்கயோ சோலியாப் போயிருக்கான்" என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டேன். "வாங்க பிரதர், எப்ப வந்தீங்க?" என்றார்கள். குருமடத்தில் படிக்கிறவன் ஊருக்கே பிரதர். கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மே 4

சீசன் கூட்டம். ஏரிப் பக்கம் நிற்க இடமில்லை. என் தங்கை ஜோசப்பின் எங்கள் வீட்டுப் பிளம்ஸ் பழங்களைக் கூறு கட்டி ரோட்டோரம் வைத்து விற்கிறாள். துணைக்கு உட்கார்ந்தேன். "அந்தோணி வந்தா இந்நேரம் பாதிக் கூறு காலியாகியிருக்கும்" என்று சும்மா சொன்னேன். அவள் பழம் எடுத்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, ஒனக்கு நெசமாவே தெரியாதா? ஒனக்குப் பரீட்சைன்னு அம்மா எழுத வேணாம்னுச்சு."

தவக்காலத்தில். பாறையிலிருந்து. எங்கள் பாறையிலிருந்து.

மே 5

எழுத முடியவில்லை.

மே 6. ஞாயிறு

பூசையில் நன்மை வாங்கினேன். அப்பத்தை நாக்கில் வாங்கும்போது எதையும் நினைக்கவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அப்பாவை நேராகவே கேட்டேன். அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். நிறுத்தாமல் சொன்னார். அந்தோணி தற்கொலை செய்துகொண்டான், ஆகையால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, பூசையில்லை, மணியும் அடிக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டாராம். தோட்டத்துச் சுவருக்கு வெளியே, தைலமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். உடலைத் தூக்கிக்கொண்டு கோயிலைத் தாண்டிப் போகும்போது அப்பா மணிக்கூண்டில் ஏறிப்போய்த் துக்க மணி அடித்திருக்கிறார். கீழே இறங்கி வந்து, கோயில் சாவிக்கொத்தைச் சாமியார் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அன்றோடு சரி. ஈஸ்டருக்குக்கூடப் போகவில்லை.

"அவன் வழுக்கித்தாம்ல விழுந்தான்."

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியும்."

மே 8

பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். என்னைக் குருமடத்துக்கு அனுப்பியவரே இந்த மரியசெல்வம் சாமிதான். பலகாரம் வைத்தார். படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு, "உங்கப்பா வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கட்டும். சாவி இன்னும் என் மேஜைலதான் இருக்கு. வேற ஆளு போடலை. நீ சொன்னா கேப்பார்" என்றார்.

"அந்தோணி குதிச்சான்னு எப்படி முடிவுக்கு வந்தீங்க, சாமி?"

"செருப்ப ஒழுங்காக் கழட்டி வச்சிட்டுப் போயிருக்கான், அலெக்சாண்டர். வழுக்கி விழுறவன் செருப்பக் கழட்டி வச்சிட்டா விழுவான்?"

நான் பலகாரத்தை எடுத்துக் கடித்தேன். விடுமுறை முடியும்போது எங்கள் நடத்தையைப் பற்றிப் பங்குச் சாமியார் குருமடத்து ரெக்டருக்கு எழுதுவது வழக்கம். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் நினைத்தேன். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தேன்.

மே 9

பாறைக்குப் போனேன். தனியாக.

செருப்பு. அங்கே பாசி பிடித்திருக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும். சின்ன வயதிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாறையில் ஏறுவோம். இன்று நானும் என்னை அறியாமல் கழற்றியிருக்கிறேன். பாதி ஏறிய பிறகுதான் கால் சில்லென்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்படியென்றால் அப்பா சொல்வது சரி.

ஆனால் —

போன கிறிஸ்துமஸ் விடுமுறை. இதே இடம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அந்தோணி சொன்னான், "மேல நிக்கிறவனுக்கு மெத்த விரிச்ச மாதிரி கெடக்குல்ல." நான் சிரித்தேன். பிறகு சொன்னான், "நீ சாமியாரானா மொதப் பாவசங்கீர்த்தனம் என்கிட்டதான் கேக்கணும். பாவத்தையெல்லாம் சேத்து வச்சிருக்கேன்."

மெத்தையில் படுக்க நினைத்தவனா? என் குருப்பட்டம் வரைக்கும் காத்திருக்க நினைத்தவனா? இரண்டும் ஒரே சாயங்காலத்தில் சொன்னது.

மே 11

கந்தவேலிடம் போனேன். தைலக் கொப்பரைக்கு அடியில் தீ தள்ளிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்குப் பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் போனான் பிரதர். எப்பவும் போலதான். ஆனா சோத்துத் தூக்குவாளிய இங்கனயே வச்சிட்டுப் போயிட்டான். மறந்து வச்சானா, வேணாம்னு வச்சானா, எனக்கு என்ன தெரியும். நானும் தெனம் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இந்த ஊரில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.

மே 14

சாமியாரிடம் செருப்பு விஷயத்தைச் சொன்னேன்.  ஒழுக்கவியல் வகுப்பில் படித்ததையும் சொன்னேன். சந்தேகம் இருந்தால் இறந்தவன் பக்கம் சாய்ந்து அடக்கம் கொடுக்கலாம், மறைமாவட்ட ஆயரிடம் கேட்கலாம்.

"நீ எனக்குச் சட்டம் சொல்லிக் குடுக்குறியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "போன வருஷம் இந்த மலைல இப்படி ரெண்டு பிள்ளைக. இவனுக்கும் பூசை வச்சு மணியடிச்சா அடுத்தவன் பயப்படுவானா? நான் யாரக் காப்பாத்துறது, செத்தவனையா, இருக்கிறவனையா?"

இதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. 

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. செருப்பைச் சொன்னேன். மெத்தையைச் சொல்லவில்லை. நான் சாட்சி சொன்னேனா, வக்கீல் வேலை பார்த்தேனா?

மே 17

அப்பா மன்னிப்புக் கேட்க மாட்டார். "நான் என்ன தப்புப் பண்ணேன்? மணிதான் அடிச்சேன். மணி எதுக்குக் கெடக்கு?"

அம்மா மூலையில் உட்கார்ந்து, "புள்ள பட்டம் வாங்குற நேரத்துல இந்த மனுசன் பிடிவாதம் பண்றாரே" என்று அழுதாள். அக்கம்பக்கத்து ஆட்கள் முன்னால் என்னை பிரதர் என்று கூப்பிடுகிறவள், இன்று, "ஏலே அலெக்சு, நீயாச்சும் சும்மா இருல" என்றாள்.

சும்மா இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள்தான். பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி, வத்தலக்குண்டு தாண்டிவிட்டால் வெயிலில் எல்லாம் மறந்துபோகும்.

மறந்துபோகுமா?

மே 21

அந்தோணியின் அம்மா சவரியம்மாள் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பூம்பாறையில் பூண்டு உரிக்கிற வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தாளாம். இங்கே ஆட்கள் பார்க்கிற பார்வை தாங்கவில்லை என்றாள். கைகளில் பூண்டு வாசம். எனக்குப் பாய் விரித்துப் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிரதர், நீங்க படிச்சவுக. அவன்கூடவே வளந்தவுக. என் மகன் இப்ப எங்க இருக்கான்? நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நெசத்தைச் சொல்லுங்க."

நான் என்னென்னவோ சொன்னேன். இறைவனின் இரக்கம் என்றேன். அளவற்றது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.  பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்பு, மெத்தை, சேர்த்துவைத்த பாவம், தூக்குவாளி.

"எனக்குத் தெரியலைம்மா. அவன் விழுந்தானா, குதிச்சானா தெரியலை. எங்க இருக்கான்னும் தெரியலை."

அவள் சொன்னாள், "இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்காச்சும் தெரியலையே."

எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டாள்.

மே 24

அந்தோணியின் குழிக்குப் போய் நானே அடக்கச் செபம் சொன்னால் தவறோ? யாரிடம் கேட்பது? நான் இன்னும் குரு இல்லை, அதற்கு முந்தின படியான தியாக்கோன்கூட இல்லை. கல்லறையில் செபம் சொல்ல யாருக்கும் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அங்கி போட்டுக்கொண்டு சொன்னால்? அங்கி போடாமல் சொன்னால் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அர்த்தம்?

மே 27. ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து மக்கள் வெளியே வரும்போது, நான் வெள்ளை அங்கியோடு சுவருக்கு வெளியே போனேன். அப்பா மண்வெட்டியோடு முன்னாலேயே வந்து புல் செதுக்கி வைத்திருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. ஜோசப்பின்தான் சொல்லியிருப்பாள். சவரியம்மாள் வந்தாள். கந்தவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டி நின்றார். அம்மா வர மாட்டாள் என்று நினைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள். பூசையிலிருந்து வந்தவர்களில் சிலர் நின்றார்கள், பலர் வேகமாகப் போனார்கள்.

அடக்கச் செபத்தை முழுதும் வாசித்தேன். இரண்டு இடத்தில் குரல் நின்றுவிட்டது. அப்பா தொடர்ந்து சொன்னார். அவருக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது சாமியார் பங்களா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஜூன் 9

ரெக்டரிடமிருந்து கடிதம். இந்த வருஷம் வர வேண்டாம், வெளியே ஒரு வருஷம் இருந்து யோசி என்று எழுதியிருக்கிறார். அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். பங்குச் சாமியார் நடந்ததை நடந்தபடி எழுதினாராம், கூட்டவில்லை குறைக்கவில்லை.

அம்மா சாப்பிடவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் தூங்கினேன். ஏன் நன்றாகத் தூக்கம் வந்தது என்று புரியவில்லை.

ஜூன் 25

கந்தவேலிடம் இலை வெட்டப் போகிறேன். கை முழுக்கக் கொப்புளம். அவர் என்னை இன்னும் பிரதர் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பின்ன என்னன்னு கூப்பிட?" என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19

விடாமல் மழை. செபிக்க வரவில்லை. செபிக்காமல் இருக்கவும் வரவில்லை.

நவம்பர் 2. வெள்ளி

கல்லறைத் திருநாள். சுவருக்குள்ளே மெழுகுதிரி, சாமந்தி, ஊதுபத்தி, கூட்டம். வெளியே நாங்கள் நான்கைந்து பேர். சவரியம்மாள் ஏற்றிய திரி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. நான் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். கடைசி வரிசை முடிந்தது. அப்படியே கோயிலுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்றிருந்தோம். திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி, ஈரப் புல்லில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். உள்ளே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வந்து நின்றவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"இருதயசாமி, இதக் கொஞ்சம் புடிங்க" என்று தீர்த்தச் செம்பை நீட்டினார்.

அப்பா உடனே வாங்கவில்லை.  பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

செபத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. சாமியார் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் பெயர் தெரியும். ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான். 

"மரியஅந்தோணி" என்றேன்.

"உம் ஊழியன் மரியஅந்தோணிக்கு" என்று அவர் தொடர்ந்தார்.

போகும்போது என்னிடம் மட்டும், "நான் பயந்துட்டேன் அலெக்சாண்டர். இப்பவும் பயம்தான்" என்றார். நான் அவரோடு கேட் வரைக்கும் நடந்தேன்.

ஜூன் 12, 1980

வெள்ளனே குருமடத்துக்குப் பஸ் ஏறினேன். அப்பா பூசைக்கு மணியடித்துவிட்டு ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், ரோட்டில் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ரெக்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் கடகடவென்று சுற்றியது. "ஒரு வருஷம் யோசித்தாயே, சந்தேகமெல்லாம் தீர்ந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை ஃபாதர். கூடியிருக்கிறது."

என் கைகளைப் பார்த்தார். இலை வெட்டிய தழும்பு இன்னும் போகவில்லை. 

"சரி, பெட்டியை மேலே கொண்டுபோய் வை. ஏழரைக்குச் சாப்பாடு" என்றார்.