பிரைமர் பிடிக்கும்வரை

இன்று காலை செலண்டாரில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் கன்னத்தில் நலங்கு மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை. மேக்கப்புக்கு அடியில் தேய்க்கும் பிரைமர் டியூபைத் திறந்தேன். அந்த லேசான வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னக்கா, ஓகேவா?" என்று பெண் கேட்டாள். அவளிடம் தலையாட்டிவிட்டேன்; உன்னிடம்தான் சொல்கிறேன், ஓகே இல்லைடி. நீ போனதிலிருந்து எனக்கு எதுவுமே ஓகே இல்லை.

மஞ்சளும் எண்ணெயும் ஊறிய முகத்தில் நேராக ஃபவுண்டேஷன் வைத்தால், தாலி ஏறுவதற்குள் திட்டுத் திட்டாகப் பெயர்ந்துவிடும். நாம் இருவரும் பட்டுத்தானே அதைத் தெரிந்துகொண்டோம்! நாம் சேர்ந்து அலங்கரித்த முதல் மணப்பெண் மணவறையில் அதற்காகவே அழுதாள். அப்புறம் நீ பிரைமர் பைத்தியமானாய். விரல்நுனியில் சூடாக்கி, மூக்கோரம், நெற்றி, தாடை என்று தேய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாய். மாப்பிள்ளை வீட்டார் கதவை இடித்தாலும் அசைய மாட்டாய். "இருலா, பிடிக்கட்டும்" என்பாய்.

ஊரார் முகத்துக்கெல்லாம் அவ்வளவு பார்த்த நீ, உனக்கென்று பவுடர்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. வேலை முடிந்து கிளேபாங் கடையோரம் வியர்வை வழிய இளநீர் குடிக்கும்போது கேட்டால், "என் மூஞ்சியாவது மூச்சு விடட்டும்லா" என்று சிரிப்பாய். தாடையில் எண்ணெய் தெறித்த அந்தப் பழைய தழும்பும் சேர்ந்து சுருங்கும்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போனது. மகளை வார்டுக்குள் விட நீ சம்மதிக்கவே இல்லை. கடைசியாக என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"நான் போனா நீதான் போட்டுவிடணும். புள்ள என்னை இப்டிப் பாக்கக் கூடாது. அவளுக்கு அவ அம்மா மூஞ்சி தெரியணும்."

புக்கிட் பெருவாங் வீட்டில் உன்னைக் குளிப்பாட்டி, சுமங்கலி என்று மஞ்சள் பூசி, கூறைப்புடவை கட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிரைமரைத் தேய்த்தேன். பழக்கம், பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. உன் தோல் எதையும் உள்ளே வாங்கவில்லை. நேரமாகிறது, பூசாரி காத்திருக்கிறார் என்று உன் அக்கா அவசரப்படுத்தினார். அழுதுகொண்டே மேலுக்கு மேல் பூசினேன். கறுப்பு மறைந்தது, ஒட்டிய கன்னம் நிறைந்த மாதிரி ஆனது. கல்யாணப் பெண்ணாட்டம் இருக்கிறாளே என்று கூடியிருந்தவர்கள் கதறினார்கள்.

உன் மகளைக் கூட்டி வந்தார்கள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இது அம்மா இல்ல."

தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்கு இங்க இருக்கும்."

துடைத்துவிடலாம் என்று டிஷ்யூவை எடுத்தேன். அதற்குள் பெட்டியை மூடத் தொடங்கிவிட்டார்கள். யாரைத் திட்டுவது? நோயையா, சாமியையா? அப்படி ஆசைப்பட்ட உன்னையும்தான் திட்டுகிறேன். நீ கேட்டது அது ஒன்றுதானே. அதுவும் நடக்கவில்லை.

உன் மகள் இப்போதெல்லாம் என்னிடம் ஒட்டுவதில்லை. பரவாயில்லை, அவளுக்கு உன் முகம் பத்திரமாக நினைவிருக்கிறது. எனக்குத்தான் இல்லை. கண்ணை மூடினால் நான் பூசிய அந்த முகம்தான் வருகிறது. எவ்வளவு துடைத்தாலும் அதற்குக் கீழே நீ இல்லை.