மகளின் கல்யாணத்தன்று லாரிக்கு அடியில்

என் அன்பான ரெஜினாவின் அய்யாவுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் நம் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை இராமநாதபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மீன் வாடை ஆகாத வீடு, ஆனால் நல்ல மனிதர்கள்.

"அய்யா லாரியிலதான் கோயிலுக்குப் போவேன்" என்று ரெஜினா ஒரே பிடியாக நின்றாள். பட்டாளத்து ஏலத்தில் நீங்கள் எடுத்த அதே லாரிதான். மீன் ஏற்றுவதை நிறுத்தி, மூன்று நாள் புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தோம். பன்னீர்கூடத் தெளித்தேன். சிரிக்காதீர்கள்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தால், வண்டிக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. அந்தக் கறையைக் காட்டி நான் கேட்டபோதெல்லாம் என்ன சொன்னீர்கள்? சாளைமீன் நெய் வடிகிறது என்றீர்கள். வண்டி நடுங்கினால் பழி ரோட்டின் மேல். ஒருநாளும் வண்டியை நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது வண்டியில் ஒரு மீன்கூட இல்லையே, யார் மேல் பழி போடுவீர்கள்?

ஓட்டவேண்டிய என் தம்பி சூசை, பட்டு வேட்டியோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பஸ்ஸில் போய்விடலாம் என்றான். ரெஜினா கண் கலங்கிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு நானே அடியில் நுழைந்தேன். எண்ணெயைத் தொட்டு முகர்ந்தேன். மீன் விற்ற மூக்கு பொய் சொல்லுமா? கந்தக வாடை அடித்தது. கியர் ஆயில். எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாப்ட் பின் அச்சுப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கசிந்துகொண்டிருந்தது. ஷாப்டைப் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடியது.

"ஏலே சூசை, இங்கன நாலு நட்டும் கழண்டு கெடக்கு. இந்த ஆட்டத்துலதான் ஆயிலைத் தடுக்குற சீலு போயிருக்கு. ஸ்பேனரை எடுத்துக் குடு" என்றேன்.

வெட்கப்பட்டு அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். நட்டை முறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி, நம் மண்டபம் ஊரிலிருந்து மெதுவாகக் கிளம்பினோம். உச்சிப்புளியில் நிறுத்திக் குனிந்து பார்த்தோம். இரண்டு சொட்டுதான், பயமில்லை. நடுக்கம் போயே போய்விட்டது. ரோடு அதே பழைய ரோடுதான் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பூசை மணி அடிக்கும்போது இராமநாதபுரம் கோயில் வாசலில் நின்றோம். ரெஜினா இறங்குவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டு, "வந்துட்டோம்யா" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் அங்கே அழுதுவிட்டேன். நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

புது சீலுக்கு மதுரைக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன். மறுவீட்டுக்கு மகளையும் மருமகனையும் இதே லாரியில்தான் கூட்டிவருவேன். வண்டியை விற்கவும் மாட்டேன். ஆனால் உங்களைப்போல் அதற்காகப் பொய்சாட்சி சொல்லவும் மாட்டேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வீட்டுக்காரி,
செபமாலை